தூண்டிலும் அப்பாவும் நானும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது "எனக்கு எழுத வராதுங்க" என்றுதான் முதலில் சொன்னேன். போன வருஷத்து மலரைப் புரட்டிப் பார்த்தால் விண்வெளி, விவசாயம், வேலைவாய்ப்பு, காதல் கவிதை என்று எல்லாரும் பெரிய பெரிய விஷயமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் பெரிய விஷயம் எதுவும் தெரியாது. இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பவானி ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனோம். அதை எழுதுகிறேன். 'மெக்கானிக்கல் பையனுக்கு மீன் கதை எதற்கு?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதில் மெக்கானிக்கலும் வரும். அரியரும் வரும்!

எனக்கு ஊர் குன்னத்தூர். அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் ஆபரேட்டர். அம்மா செக்கிங். அப்பா படித்தது ஐந்தாவது, அம்மா எட்டாவது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாவதைத் தாண்டி, நோட்டுப் புஸ்தகத்தோடு காலையில் பஸ் ஏறுகிற முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முதல் ஆளாகப் போகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வழுக்கி விழுந்தால், 'இங்கே எல்லாரும் ஒரு தடவை வழுக்குவார்கள், எழுந்து வா' என்று சொல்ல வீட்டில் முன்னால் போன ஆள் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் வழுக்கியது மூன்றாம் செமஸ்டரில். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். ரிசல்ட்டைப் போனில் மூன்று தடவை திறந்து பார்த்தேன். மூன்று தடவையும் அதே எழுத்துதான். மற்றப் பாடமெல்லாம் பாஸ், இது ஒன்று மட்டும் போயிற்று. வீட்டில் சொல்லவில்லை. "ரிசல்ட் வந்துருச்சா கண்ணு?" என்று அம்மா கேட்டதற்கு "இன்னும் வரலீங்கம்மா" என்றேன். அப்படியே ஒன்பது நாள் ஓடியது.

அந்த ஒன்பது நாளில் என்னோடு பத்தாவது படித்த நண்பன் ஒருவனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பவர் டேபிளில் கைமடியாகச் சேர்ந்தவன், இப்போது டெய்லர். சனிக்கிழமையானால் சம்பளம். புது வண்டி எடுத்திருந்தான். "எங்க கம்பெனியில ஆள் கேக்கறாங்க. ஒன்றரை ஷிப்டு ஓட்டுனீன்னா வாரத்துக்கே கை நெறையக் காசு. அந்தப் படிப்புல என்னடா கெடைக்குது?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. 'சரி, மாசக் கடைசியில் வீட்டில் சொல்லிவிட்டு நின்றுகொள்ளலாம்' என்று மனசுக்குள் முடிவே எடுத்துவிட்டேன்.

அந்த மனநிலையில்தான் தூண்டில் செய்ய ஆரம்பித்தேன். படிக்கப் பிடிக்காதவன் வேறு என்ன செய்வான்?

யூடியூபில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஆற்றில் ரோச் என்ற மீனைப் பிடிக்கிற வீடியோ பார்த்தேன். ரோச் வெள்ளி நிறத்தில் இருக்கும். துடுப்பு செக்கச்செவேலென்று சிவந்திருக்கும். அதுவும் கெண்டைக் குடும்பம்தான். நம்ம ஊர் ஆற்றுக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்திருந்தது ஃபீடர் ராடு. சாதாரணத் தூண்டிலில் தக்கை மிதக்கும், மீன் கடித்தால் தக்கை முங்கும். ஃபீடரில் தக்கையே கிடையாது. நரம்பில் ஒரு சின்னக் கூடு கட்டி, அதற்குள் மாவை அடைத்து, ஆற்றின் அடியில் போய் உட்காருகிற மாதிரி எறிகிறார்கள். மாவு தண்ணீரில் ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அந்த வாசம் தண்ணீர் போகிற பக்கமாகப் போகிறது. மீன் வாசத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து ஏறி வருகிறது. கூட்டுக்குக் கிட்டத்திலேயே முள் இரையோடு கிடக்கிறது. மீன் கடித்ததா இல்லையா என்று ராடின் நுனியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே நுனியை ஊசி மாதிரி மெல்லிசாகச் செய்திருக்கிறார்கள்.

அந்த ராடு வாங்க நம்மிடம் காசு ஏது? கோபியில் இருக்கும் பெரியம்மா மகன் ரீலோடு ஒரு பழைய ராடு கொடுத்தான். அதற்கு நுனி ஒடிந்து போயிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாளில் தேய்த்து நுனி செய்தேன். ராடோடு சேர்த்து நூலைச் சுற்றிப் பசை தடவினேன். கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று அம்மாவின் சிவப்பு நகப்பூச்சைப் பூசினேன் (அம்மா இதைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). கூட்டுக்கு வேறு வழி செய்தேன். நம்ம ஒர்க் ஷாப்பில் கழிவுக் குப்பையில் கிடந்த ஜி.ஐ. கம்பியைச் சாரிடம் கேட்டு எடுத்துவந்து, ஒரு இரும்பு ராடில் நெருக்கமாகச் சுற்றி ஸ்பிரிங் ஆக்கினேன். நடுவில் நரம்பை விட்டு அடியில் ஈயக் குண்டு. ஸ்பிரிங்கைச் சுற்றி மாவை அமுக்கிப் பிடித்தால் உருண்டை கெட்டியாக நிற்கும். ஹெலிகல் ஸ்பிரிங் என்று பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் விட்டதைக் கையால் செய்துகொண்டிருந்தேன், அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை ராத்திரி அப்பா வேலை முடிந்து வந்தார். திண்ணையில் நான் ஸ்பிரிங் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "எந்த ஆத்துக்கு?" என்றார். "பவானிக்குங்க." கை கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவர், "நானும் வாறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தூங்குகிற நாள். ஆறு நாள் மெஷின் சத்தத்தில் நின்ற உடம்பு.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. வடக்கே போனால் பவானி, தெற்கே போனால் நொய்யல். நடுவில் நாங்கள். பக்கத்து ஆறான நொய்யலை விட்டுவிட்டு ஏன் பவானிக்குப் போனோம் என்று நம்ம பகுதிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் அப்பாரு சின்ன வயதில் நொய்யலில் துண்டை விரித்தே கெண்டை அள்ளுவாராம். அப்பாவையும் சிறு பையனாக இருக்கையில் ஒரு தடவை கூட்டிப் போயிருக்கிறார். அப்புறம் திருப்பூர் வளர வளர, சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கு என்று ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த கிணறும் காடும் கெட்டன. விவசாயிகள் வழக்குப் போட்டுப் போராடி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று அதன் பிறகு ஆனது. அந்த ஆற்றை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரையோ திட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. அப்பா ஓட்டுகிற துணியும் கடைசியில் சாயத்துக்குத்தானே போகிறது? அந்தச் சம்பளத்தில்தான் எனக்குப் பஸ் பாஸும் ஃபீஸும்.

காலை ஐந்து மணிக்கு எக்ஸல் வண்டியில் கிளம்பினோம். முன்னால் தூக்குப்போசியில் தக்காளிச் சோறு, ஒரு பையில் மாவு, பின்னால் நான் ராடைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கோயில் திருவிழாவுக்கு வேல் கொண்டுபோகிறவன் மாதிரி. கோபி தாண்டி அத்தாணிப் பக்கம் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது.

பவானியைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து இறங்கும் தண்ணீர், கொடிவேரி அணைக்கட்டில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்காலுக்குப் பங்கு கொடுத்துவிட்டு அத்தாணி வழியாகப் பவானி ஊருக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது. சேருவதற்கு முன்னால் காலிங்கராயன் வாய்க்கால் பிரிகிறது. அது 1283-இல் வெட்டி முடித்தது என்பார்கள். வளைந்து வளைந்து போய்க் கடைசியில் நொய்யலில் சேர்கிறது! எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பவானித் தண்ணீரை நொய்யல் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். டிப்ளமோவா, டிகிரியா என்று அவரை யார் கேட்டார்கள்?

மாசி மாதமாகையால் தண்ணீர் குறைவாகத் தெளிந்து ஓடியது. அங்கங்கே பாறை தலை நீட்டியது. "தண்ணிக்குள்ள எறங்காத. மேல அணையில தெறந்து உட்டா நமக்குச் சொல்லிட்டா வரும்?" என்றார் அப்பா. கரையிலேயே உட்கார்ந்து மாவு பிசைந்தேன். கடலைப்புண்ணாக்குத் தூள், அரிசித் தவிடு, கொஞ்சம் கோதுமை மாவு, வாசத்துக்கு ஒரு பிடி நாட்டுச் சர்க்கரை. முள்ளுக்கு மண்புழு.

முதல் எறி! கையை வீசினேன். மாவு உருண்டை ஸ்பிரிங்கை விட்டுக் கழன்று ஒரு பக்கம் போய் விழுந்தது. வெறும் கம்பி இன்னொரு பக்கம் போய் விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க. மாவில் ஈரம் போதவில்லை. இன்னும் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். இப்போது ஈரம் கூடிவிட்டது. கால் மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால் உருண்டை போட்டது போட்டபடி களிமாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதிரவே இல்லை. மூன்றாவது எறியில் பாறை இடுக்கில் மாட்டி ஸ்பிரிங்கே அறுந்து போனது. எட்டரை மணி ஆயிற்று. ஒரு மீன் இல்லை. நான் இடத்தை மாற்றி மாற்றி எறிந்தேன். அங்கே ஒன்று, இங்கே ஒன்று.

அப்போது வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் கரையோடு வந்தார். "ஏனுங்கய்யா, இங்க மீனு உழுவுமுங்களா?" என்று அப்பா கேட்டார். பெரியவர் என் ஸ்பிரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமானம் நல்லாத்தான் இருக்குது. ஆனா தம்பி, நீ ஊருக்கே பந்தி வெச்சா ஒருத்தனும் வர மாட்டான். ஒரே எடத்துல எலை போடு. அந்தப் பாறைக்குக் கீழால, ஓட்டமும் தேக்கமும் சேருற எடம் தெரியுது பாரு, அங்க போடு. போட்டுட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த இங்கிலாந்துக்காரர் வீடியோவில் சொன்னதும் இதுதான், நான்தான் காதில் வாங்கவில்லை. அக்கரையில் ஒரு வேப்ப மரத்தைக் குறி வைத்துக்கொண்டேன். பாறைக்குக் கீழே சரியாக விழுகிற தூரம் வந்ததும் ரீலின் மேல் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினேன். இனி எத்தனை தடவை எறிந்தாலும் நரம்பு அதற்கு மேல் ஓடாது. வேப்ப மரம் திசைக்கு, ரப்பர் பேண்ட் தூரத்துக்கு. கவட்டைக் குச்சியை நட்டு ராடைச் சாத்தினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்து, மாவை அமுக்கி, அதே இடத்தில் எறிந்தேன். இழு, அமுக்கு, எறி. இழு, அமுக்கு, எறி. ஒன்றும் கடிக்கவில்லை. ஆனாலும் இடத்தை மாற்றவில்லை.

அப்பா நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "இந்த நுனிய எதுக்குக் கண்ணு இத்தன மெல்லிசாச் சீவி இருக்கற?" என்றார்.

நண்பர்களே, பாலிடெக்னிக் சேர்ந்த நாள் முதல் அப்பா என்னிடம் படிப்பைப் பற்றிக் கேட்டது இல்லை. 'ஃபீஸ் எவ்வளவு', 'பஸ் வந்துச்சா', 'சாப்டியா', இவ்வளவுதான். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். "இது ஒரு பக்கம் மட்டும் புடிச்ச உத்தரம் மாதிரிங்கப்பா. கேன்டிலீவர்னு பேரு. நுனியில மீனு இழுத்தா, புடிச்சிருக்கற எடத்துலதான் வளைக்கற வேகம் அதிகமா இருக்கும். அதனால அடி தடிமனா இருக்கோணும். நுனியில அத்தன வேகம் இல்ல, மெல்லிசா இருந்தாலும் தாங்கும். மெல்லிசா இருந்தாத்தான் சின்ன மீனு தொட்டாக்கூட வளையும்." "கொஞ்சம் மெல்லிசானா எத்தன வளையும்?" என்றார் அப்பா. "தடிமனைப் பாதி ஆக்குனா, வளையாம நிக்கற கொணம் பாதி ஆகாதுங்க. பதினாறுல ஒரு பங்கு ஆயிரும்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பை டி பவர் ஃபோர் பை சிக்ஸ்டி ஃபோர்! வட்ட வடிவத்துக்கு மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா. விட்டத்தின் நாலாவது அடுக்கு. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. இதை நான் நூறு தடவை உருப்போட்டிருக்கிறேன். பரீட்சை ஹாலில் நாலா மூணா என்று குழம்பி மூன்று போட்டுவிட்டு வந்தவன் நான். கையில் ஒரு மூங்கில் சிம்பைச் சீவியவனுக்கு அது எப்படி மறக்கும்? அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முழுசாகப் புரிந்ததோ என்னவோ, ஆனால் மெஷின் ஓட்டுகிறவர் கேட்கிற மாதிரிக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

"அப்பா, நான் ஒரு பாடத்துல பெயிலுங்க. இதே பாடந்தானுங்க. ரிசல்ட் வந்து ஒம்பது நாளாச்சு."

அப்பா நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எத்தன பாடம்?"

"ஒண்ணுதானுங்க."

"மத்தது?"

"எல்லாம் பாஸுங்க."

"மறுக்கா எழுதலாமா?"

"ஏப்ரல்ல எழுதலாமுங்க."

கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் கம்பெனியில் சேருகிற யோசனையையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"நான் ஓட்டற மெஷினு முப்பது இஞ்ச் டயா, இருவத்துநாலு கேஜு" என்றார் அப்பா. "அதுல எத்தன நீடில் தெரியுமா?"

கணக்குப் போட்டேன். முப்பதைப் பையால் பெருக்கினால் சுற்றளவு. இஞ்சுக்கு இருபத்துநாலு. "ரெண்டாயிரத்து எரநூத்து அறுவது சொச்சமுங்க."

"அதுல ஒரே ஒரு நீடில் ஒடஞ்சாப் போதும், துணி பூராவும் மேல இருந்து கீழ வரைக்கும் லைன் உழுந்துரும். நான் வேல பழகுன புதுசுல மொத வாரத்துலயே அப்புடி ஆயிருச்சு. சொன்னாத் திட்டுவாங்கன்னு சொல்லாம ஓட்டிட்டே இருந்தேன். ஒரு ரோலு பூரா வீணாப் போச்சு. சம்பளத்துல புடிச்சாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஒடஞ்சா என்ன பண்ணோணும்? மெஷின நிறுத்தி, அந்த ஒண்ண மாத்திட்டு ஓட்டோணும். அதுக்காவ ரெண்டாயிரத்தையும் கழட்டியா வீசறோம்? ஒடஞ்சது தப்பில்ல கண்ணு. ஒம்பது நாளு சொல்லாம ஓட்டுன பாரு, அதுதான் தப்பு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அப்பா என் தொடையில் தட்டினார். "இழு! இழு!"

நுனியைப் பார்த்தேன். வளையவே இல்லை. "கடிக்கலீங்களே?" "வளைஞ்சு நின்னது நிமுந்திருச்சு பாரு, இழுறா!" இழுத்தேன். கையில் உயிர் துடித்தது! ஈயக் குண்டின் இழுப்பில் நுனி எப்போதும் லேசாக வளைந்துதான் நிற்கும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு நம்ம பக்கமாக வந்தால் நரம்பு தளர்ந்து நுனி நிமிரும். அந்த இத்துணூண்டு வித்தியாசத்தை அப்பா பார்த்துவிட்டார். மீட்டர் மீட்டராக ஓடுகிற வெள்ளைத் துணியில் மயிர் அகல லைன் விழுந்தால் பார்க்கிற கண் அல்லவா! வந்தது ஒரு கெண்டை. ஒரு ஜாண் நீளம். வெயிலில் செதில் மின்னியது.

அதற்கப்புறம் என்ன சொல்ல! காலையிலிருந்து ஒரே இடத்தில் போட்ட மாவுக்கு மீன் கூடிவிட்டது போலும். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நாங்கள் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. நான் எறிவேன், அப்பா நுனியைப் பார்ப்பார். "நிமுந்துச்சு... ம்!" இழுப்பேன். "சித்த பொறு, இது தண்ணியோட ஆட்டம்." பொறுப்பேன். ஒரு தடவைகூட அவர் கணக்குத் தப்பவில்லை. நடுவில் கெளுத்தி ஒன்று வந்தது. அவசரப்பட்டுக் கழற்றப் போய் அதன் முள் என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அப்பப்பா, அந்தக் கடுப்பு! அப்பா கெளுத்தியை எப்படிப் பின்பக்கமாகப் பிடிப்பது என்று காட்டினார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாரு சொல்லிக் கொடுத்தது அவர் கைக்கு மறக்கவில்லை. இரண்டு ஜிலேபியும் விழுந்தன. நம்ம ஊர் மீன் என்று நாம் நினைக்கிற ஜிலேபி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது எந்தக் குளத்தில் இல்லை?

விரல் நீளக் குஞ்சுகளை எல்லாம் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டோம். வெடி போட்டும் மருந்து கலந்தும் பிடிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அது கூடாது என்று 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்திலேயே இருக்கிறது. நமக்குச் சட்டம்கூட வேண்டாம், நொய்யலைப் பார்த்த கண் போதும்.

சோறு தின்ற பிறகு அப்பா தானே ராடை வாங்கிக்கொண்டார். இரண்டு மணி இருக்கும். நுனி ஒரேயடியாகத் தண்ணீரைப் பார்த்து வளைந்தது. கெண்டையா, ரோகா, என்னவென்று தெரியாது. ரீல் கரகரவென்று ஓடியது. அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்தார். வேட்டி நனைந்தது, செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. "உடாதீங்கப்பா! உடாதீங்க!" என்று நான் கத்தினேன். பட்டென்று ஒரு சத்தம். நான் நூல் சுற்றி ஒட்டிய இணைப்பில் ஒடிந்து, மூங்கில் நுனி நரம்போடு ஆற்றில் போய்விட்டது. மீனும் போய்விட்டது.

நான் முகம் சுண்டி நின்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "ஏங்கண்ணு, புடிச்ச எடத்துலதான் வேகம் அதிகம்னு சொன்ன. ஒடஞ்சது நடுவுலயல்ல?" என்றார். பாருங்கள், மனிதர் காலையில் சொன்னதை விடவில்லை! "வேகம் மட்டும் பாத்தாப் பத்தாதுங்கப்பா, அந்தந்த எடத்துக்கு வலு எத்தனன்னும் பாக்கோணும். என்ற ஒட்டு வேல சரியில்ல" என்றேன். "அப்ப அடுத்த தடவ ஒட்ட நல்லாப் பண்ணு" என்றார். அடுத்த தடவை! அந்த வார்த்தையைக் கேட்டதுமே கம்பெனியில் சேருகிற எண்ணம் என்னை விட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து எண்ணினோம். கெண்டை பதினேழு, கெளுத்தி நாலு, ஜிலேபி ரெண்டு. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தால் ரெண்டேகால் கிலோ. அம்மா ஆய்ந்து குழம்பு வைத்தார். அரியர் விஷயத்தை அப்பாதான் அம்மாவிடம் சொன்னார். நான் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் ஒரே வரியில் முடித்தார். "ஒரு நீடில் ஒடஞ்சிருக்குது, ஏப்ரல்ல மாத்திருவான்." அம்மாவும் அந்தக் கம்பெனி வேலைதானே? உடனே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுக்கப் போன அப்பா வாசலில் நின்று, "பையன் பாலிடெக்னிக்குல படிச்சதுல செஞ்ச தூண்டிலு. தடிமனப் பாதி ஆக்குனா பதினாறுல ஒரு பங்காமா" என்று விளக்கிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. நம்ம படிப்பு அப்பா அம்மாவுக்குப் புரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். நான் தோற்ற பாடத்தை ஐந்தாவது படித்த ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அது எனக்கே விளங்கியது. அதே நாளில் அவர் தொழில் இல்லாவிட்டால் எனக்கு ஒரு மீனும் கிடைத்திருக்காது. அதனால் அரியர் வைத்திருக்கிற தோழர்களுக்கு ஒன்றே ஒன்று. முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். மெஷினை நிறுத்தாமல் ஓட்டாதீர்கள். அப்புறம் இடத்தை மாற்றாமல் போட்ட இடத்திலேயே போட்டுக்கொண்டிருங்கள்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பாஸ் ஆவேனா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் நாலாவது அடுக்கா மூன்றாவது அடுக்கா என்று இனி குழம்ப மாட்டேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை வேலை முடிந்து வந்த அப்பா, பனியன் வேஸ்ட்டில் சுருட்டிய ஒன்றை என் இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸில் போட்டார். பிரித்துப் பார்த்தேன். தேய்ந்து கழற்றிய நிட்டிங் நீடில் ஒன்று. நுனியில் குட்டிக் கொக்கி. "எதுக்குங்கப்பா?" என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும். தூண்டிலுக்கு ஆவுமான்னு பாரு" என்றார்.

தூண்டிலுக்கு ஆகாது. அது இன்னும் பாக்ஸில்தான் இருக்கிறது. பரீட்சைக்கும் கூடவே வரும்.